மினி டிராம்போலின்: கீழ்வீட்டுக்குக் கேட்கும் 'தொம் தொம்'

வீட்டில் குதித்து உடற்பயிற்சி செய்யும் மினி டிராம்போலினுக்கு (வட்டச் சட்டத்தில் ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டிய துணி) அடியில் ரப்பர் விரிப்பு போட்டும் சத்தம் கேட்கிறது, இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கீழ்வீட்டாருக்கு 'தொம் தொம்' என்று கேட்கிறது என்றால், குதிக்கும்போது துணி தாழ்ந்து தரையில் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சோதிக்க எளிய வழி: துணியின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, தரையில் பொரித்த அப்பளம் ஒன்றை வைத்துவிட்டு வழக்கம்போல் பத்து முறை குதியுங்கள். நொறுங்கினால் காரணம் அதுதான். உங்கள் எடை டிராம்போலின் தாங்கும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். திருவான்மியூரில் பால்கனியிலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடற்காற்றுக்கு இரும்பு எம்மாத்திரம்! கொக்கிகளில் துரு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். டிராம்போலினையே மாற்றுவதானால், ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு உள்ள வகையே நல்லது. 'கிரீச்' ஒலியும் இருக்காது.

அப்பளம் தப்பித்தால், கால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்த கால்தான் டைல்ஸில் தட்டும்.

உயரக் குதிப்பதிலும் பெரிய பயன் இல்லை. பாதம் துணியை விட்டு எழாமல், முழங்காலைச் சற்று மடக்கிக் கீழ்நோக்கி அழுத்தினாலே மூச்சு வாங்கும். வீட்டுக்குள் வைத்தால், மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.