30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்றால், தொடக்கப் பள்ளியில் 5 வகுப்புக்கு 2 ஆசிரியர் மட்டும் எப்படி?

இந்த விகிதத்தை வகுப்பு வகுப்பாக அல்ல, பள்ளி முழுவதற்கும் சேர்த்தே பார்க்கிறார்கள். குழப்பம் அங்கேதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். 61 முதல் 90 வரை 3 பேர். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 58 பேர் என்று வையுங்கள்: விகிதம் 29, ஏட்டில் பிரமாதம்! ஆனால் ஒருவர் மூன்று வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். இன்னொருவர் பெரும்பாலும் தலைமையாசிரியர். சத்துணவுக் கணக்கு, பதிவேடு எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒருவரிடம்தான்.

அப்புறம், 6 முதல் 8 வரை விதி வேறு: வகுப்புக்கு ஒருவராவது கட்டாயம், 35 பேருக்கு ஒருவர். தொடக்கப் பள்ளிக்கு அந்த 'வகுப்புக்கு ஒருவர்' விதி கிடையாது.