எல்எஸ்பிசிஐ-யில் கார்டு தெரியவில்லையா? சிறு போர்டுகளும் பிசிஐஇ-யும்: கேள்வி பதில்

அண்ணா, ராஸ்பெர்ரி பை 5-ல் என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டினேன். எல்எஸ்பிசிஐ (பிசிஐ பஸ் என்ற இணைப்புப் பாதையில் உள்ளவற்றைப் பட்டியலிடும் கட்டளை) அடித்தால் இரண்டு வரி வருகிறது, எஸ்எஸ்டி மட்டும் இல்லை. பஸ் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அது வேறு பஸ், தம்பி. அந்த இரண்டு வரியும் போர்டிலேயே இருக்கும் ஆர்பி1 சிப்பும் அதற்கான பிரிட்ஜும். யுஎஸ்பி, ஈதர்நெட், ஜிபிஐஓ எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. ரிப்பன் கேபிள் மாட்டும் முனைக்குத் தனி கண்ட்ரோலர் உண்டு. சும்மா விட்டால் அது அணைந்தே இருக்கும். ஹேட் பிளஸ் (ராஸ்பெர்ரி பையின் துணைப் பலகைத் தரம்) வகை அடாப்டர் என்றால் ஃபர்ம்வேரே அடையாளம் கண்டு இயக்கிவிடும். மற்றவற்றுக்கு கான்ஃபிக் கோப்பில் பிசிஐஇ (பிசிஐ-யின் இன்றைய வேக வடிவம்) முனையை இயக்கும் டிடிபாரம் வரியை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தும் 'லிங்க் டவுன்' (இணைப்பு எழவில்லை) என்றே வந்தால் முதல் சந்தேகம் ரிப்பன் மேல். கழற்றி, நேராக வைத்து, பூட்டை அழுத்துங்கள்.

பிசியில் கார்டைச் செருகினால் போதும். இங்கே ஏன் டிவைஸ் ட்ரீ, அது இது என்று இத்தனை பாடு?

பிசிஐ-யில் கார்டுகளைத் தேடிப் பிடிக்கும் வசதி பிறவியிலேயே உண்டு. கர்னல் ஒவ்வொரு இடமாகத் தட்டி தயாரிப்பாளர் எண்ணைக் கேட்கும். ஆள் இல்லாத இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆக வரும். ஆனால் தட்டுவதற்கு முன் தெரு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? கண்ட்ரோலரின் முகவரி, கார்டுகளுக்கு ஒதுக்கிய நினைவக ஜன்னல், கிளாக், ரீசெட் பின்: இவற்றை பிசியில் ஃபர்ம்வேர் ஏசிபிஐ என்ற அட்டவணைகள் வழியாகச் சொல்லிவிடும். பெரும்பாலான ஆர்ம் போர்டுகளில் அதைச் சொல்வது டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பு.

ராக்சிப்பின் ஆர்கே3588 சிப் உள்ள போர்டு. 'ஃபை லிங்க் நெவர் கேம் அப்' என்று டிஎம்இஎஸ்ஜி-யில் (கர்னல் பதிவைக் காட்டும் கட்டளை) வருகிறது, சார்.

நல்ல செய்திதான்! கண்ட்ரோலர் எழுந்துவிட்டது, எதிர்முனைதான் பேசவில்லை. முதலில் மல்டிமீட்டரை எடுத்து ஸ்லாட்டில் 3.3 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் டிவைஸ் ட்ரீயில் அந்த ரெகுலேட்டரைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று தேடுங்கள்.

மின்சாரம் சரி என்றால் ரீசெட் பின். இதில் நானே இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பிசிஐஇ விதிப்படி ரீசெட் கோடு ஆக்டிவ் லோ, அதாவது மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் ரீசெட். அதை நம்பி டிவைஸ் ட்ரீயிலும் ஆக்டிவ் லோ என்றே எழுதினேன். ராக்சிப் டிரைவரோ 1 வைத்தால் ரீசெட் விலகும் என்ற கணக்கில் எழுதப்பட்டது, அங்கே ஆக்டிவ் ஹை என்றுதான் போட வேண்டும். விதியைச் சரியாகப் படித்ததால் வந்த வினை: கார்டு கடைசிவரை ரீசெட்டிலேயே கிடந்தது.

எஃப்பிஜிஏ (மின்சாரம் வந்தபின் தன் சுற்றை ஏற்றிக்கொள்ளும் சிப்) கார்டு என்றால் இன்னொன்று. ரீசெட் விலகியபின் 100 மில்லிசெகண்ட் பொறுத்துத்தான் தேடல் தொடங்கும். அதற்குள் அது தயாராகாமல் போகலாம். கர்னலின் சிஸ்எஃப்எஸ் கோப்புகளில் ரீஸ்கேன் (மறுதேடல்) கொடுத்துப் பாருங்கள். ஆனால் சில டிரைவர்கள் லிங்க் வராவிட்டால் கண்ட்ரோலரையே கைவிட்டுவிடும். அப்போது ரீஸ்கேன் செய்ய பஸ்ஸே இருக்காது.

மினி பிசிஐஇ ஸ்லாட்டில் 4ஜி மோடம். எல்எஸ்பிசிஐ-யில் இல்லை.

எல்எஸ்யுஎஸ்பி அடியுங்கள். அந்த ஸ்லாட்டில் யுஎஸ்பி கோடுகளும் உண்டு, இந்த மோடம்கள் பெரும்பாலும் அதில்தான் பேசும்.

எல்எஸ்பிசிஐ-யில் தெரிகிறது, ஆனால் டிஸ்க் வரவில்லை.

அப்படியானால் லிங்க்கைத் தொடாதீர்கள். எல்எஸ்பிசிஐ-க்கு '-கே' சேர்த்து, டிரைவர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கர்னலை நீங்களே கட்டியிருந்தால் என்விஎம்இ டிரைவர் விடுபட்டிருக்கலாம். டிஎம்இஎஸ்ஜி-யில் 'பார்' (கார்டு கேட்கும் நினைவகப் பகுதி) பெயரோடு 'நோ ஸ்பேஸ்' வந்தால் நினைவக ஜன்னல் சிறியது. டிவைஸ் ட்ரீயில் 'ரேஞ்சஸ்' பகுதியைப் பெரிதாக்க வேண்டும், சிப் இடம் கொடுத்தால்.

பை 5-ல் ஜென் 3 (பிசிஐஇ மூன்றாம் தலைமுறை வேகம்) போடலாமா அண்ணா?

போடலாம், ஆனால் அந்த முனைக்குச் சான்று ஜென் 2-க்கு மட்டும்தான். ஒரே லேன் (தரவுத் தடம்), நொடிக்கு 5 ஜிடி (ஜிகா டிரான்ஸ்ஃபர்), அதாவது நொடிக்கு 500 எம்பி உச்சம். ஜென் 3 போட்டபின் டிஎம்இஎஸ்ஜி-யில் ஏஇஆர் (பிசிஐஇ பிழை அறிக்கை) பிழைகள் வரிசைகட்டினால் பழையபடி ஜென் 2-க்கே வந்துவிடுங்கள்.