உபரி சூரிய மின்சாரத்தில் வெந்நீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல்கள் இருக்கின்றன. மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால், உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெளியே போகிறது. அதை வீணாக்காமல் நண்பகலில் கீசரைப் போட்டு வெந்நீராகச் சேமித்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். இது லாபமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வெளியே போகும் மின்சாரம் உண்மையில் வீணாகிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அதற்கான விடையை உங்கள் கரண்ட் பில்லில்தான் தேட வேண்டும். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் இருவழி மீட்டர் வைத்து நிகரக் கணக்கு போடுகிறார்கள். நீங்கள் பகலில் அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும், இரவிலோ விடியற்காலையிலோ நீங்கள் எடுக்கும் ஒரு யூனிட்டோடு நேருக்கு நேர் கழிந்துவிடும். இந்த முறையில் மின்கட்டமைப்பே உங்களுக்குச் சேமிப்புக் கிடங்காக இருக்கிறது. நண்பகலில் 1 யூனிட் கொடுத்து, மறுநாள் காலை 6 மணிக்கு அதே 1 யூனிட்டைத் திரும்ப வாங்கிக் குளியலுக்கு வெந்நீர் போட்டுக்கொள்கிறீர்கள். கீசருக்குள் 17 மணி நேரம் வெந்நீரை வைத்திருந்தால் அதில் ஒரு பங்கு சூடு வெளியேறிவிடும். மின்கட்டமைப்பில் வைத்தால் உங்கள் கணக்கில் எதுவும் குறையாது. ஆகவே உங்களுக்கு நிகரக் கணக்கு இருந்து, அனுப்பும் யூனிட்டுகள் எடுக்கும் யூனிட்டுகளைத் தாண்டாமலும் இருந்தால், இப்போது செய்வது போலக் குளிப்பதற்குச் சற்று முன் கீசரைப் போடுவதே சிக்கனம். எதையும் மாற்ற வேண்டாம்.

கணக்கு வேறு மாதிரியாக இருக்கும் வீடுகளும் உண்டு. அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு விலை, எடுக்கும் யூனிட்டுக்கு அதைவிடக் கூடுதலான விலை என்று இருக்கும் இணைப்புகளில், உபரியை வீட்டிலேயே பயன்படுத்துவது நிச்சயமாக லாபம். வெளியே ஒரு யூனிட்டும் அனுப்பாதபடி சோலார் இன்வெர்ட்டரில் (பேனலின் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) தடை வைத்திருக்கும் வீடுகளில் உபரி முழுவதும் உற்பத்தியாகாமலே போகிறது. அங்கே நண்பகல் வெந்நீர் ஏறக்குறைய இலவசம். நிகரக் கணக்கு இருந்தும், ஆண்டு முழுவதும் எடுப்பதைவிட அதிகமாக அனுப்பிக்கொண்டே இருக்கும் வீட்டாரும் நண்பகலில் கீசரைப் போடலாம். ஆண்டுக் கணக்கு முடிவில் மிஞ்சும் யூனிட்டுக்கு எடுக்கும் யூனிட்டின் மதிப்பு கிடைக்காதவரை அதுவே பயனுள்ளது. உங்கள் இணைப்புக்கு எந்த விதி என்பதைப் பிரிவு அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வீடு இந்த வகைகளில் ஒன்றானால், எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். உங்கள் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். குழாய்த் தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால், குளிக்க இதமான 40 டிகிரிக்கு 20 லிட்டர் வாளி ஒன்றைக் கொண்டுவர 0.3 யூனிட் போதும். நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் 1.2 யூனிட். உங்கள் உபரியில் இது சிறு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். குளியல் வெந்நீரை மட்டும் வைத்து உபரி முழுவதையும் தீர்த்துவிட முடியாது.

கீசரின் கொள்ளளவும் முக்கியம். 25 லிட்டர் கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 63 லிட்டர், அதாவது மூன்று வாளி கிடைக்கும். அதே தண்ணீர் மதியம் ஒரு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை காத்திருந்தால் கதை மாறுகிறது. கீசர் 24 மணி நேரத்தில் 0.4 யூனிட் சூட்டை இழப்பதாக வைத்துக்கொண்டால், காலையில் தண்ணீர் 50 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும்; மூன்று வாளி இரண்டே வாளியாகிவிடும். பழைய, சுற்றுக் காப்பு நைந்துபோன கீசராக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். நட்சத்திரக் குறியீட்டு ஒட்டுவில்லையில் இந்த நிலை இழப்பு யூனிட்டாகவே அச்சிடப்பட்டிருக்கும். கீசர் வாங்கும்போது விலைக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் அதுதான். மாலையில் குளிக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு இந்த ஏற்பாடு மிக நன்றாகப் பொருந்தும். காலையில் மட்டும் குளிக்கும் வீட்டுக்கு 50 லிட்டர் கீசர் இருந்தால்தான் பொருந்தும்.

செய்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 16 ஆம்பியருக்கு உரிய ஒரு டைமர் போதும். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், விளக்குகளுக்கான சிறிய டைமரை அதில் மாட்டிவிடாதீர்கள். நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நண்பகலில் 2,200 முதல் 2,400 வாட் வரை தரும். ஃபிரிட்ஜும் மின்விசிறியும் எடுத்ததுபோக 2,000 வாட் கீசருக்கு மட்டுமட்டாக இடமிருக்கும். காலை ஒன்பது மணிக்கே போட்டால் பாதி மின்சாரத்தை மின்வாரியத்திடமிருந்து எடுப்பீர்கள். பதினொன்றரைக்கு மேல் ஒன்றரைக்குள் என்று வைத்தால் பெரும்பாலான நாட்களில் சரியாக இருக்கும். கீசரின் காயில் எப்போதாவது பழுதாகி மாற்ற வேண்டிவந்தால், உங்கள் மாடலுக்குப் பொருந்தும் குறைந்த வாட் காயில் கிடைக்குமா என்று கேளுங்கள். 1,000 வாட் காயில் இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மேகம் ஓரளவு மறைத்த நாளிலும் உபரிக்குள்ளேயே அடங்கிவிடும். பகல் முழுவதும் நேரம் இருக்கும்போது அவசரம் எதற்கு?

கேள்வி: இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. சோலார் மின்சாரம் மிஞ்சும்போது அது தானாகவே தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்குகிறது. அதை இங்கே வாங்கிவந்து பொருத்தலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பெட்டி செய்யும் வேலை அழகானது. மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டியிருப்பார்கள். மின்சாரம் எந்தத் திசையில், எவ்வளவு ஓடுகிறது என்பதை அது நொடிக்கு நொடி அளக்கும். 600 வாட் வெளியே போகத் தொடங்கினால், பெட்டி அந்த 600 வாட்டை மட்டும் ஹீட்டருக்குத் திருப்பிவிடும். சமையலறையில் யாராவது கெட்டிலைப் போட்டால் உடனே ஹீட்டரைக் குறைத்துவிடும். மோட்டாரோ டிவியோ இப்படி அரைகுறை மின்சாரத்தில் ஓடாது. வெறும் காயில் ஓடும். எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவு சூடாகும்.

அந்த நாட்டில் இது பரவியதற்குப் பின்னால் ஒரு கட்டண விதி இருக்கிறது. 2019 மார்ச் இறுதி வரை புதிய வீடுகளைச் சேர்த்துக்கொண்ட அவர்களுடைய பழைய மானியத் திட்டத்தில், ஏற்றுமதி மீட்டர் இல்லாத சிறிய அமைப்புகள் தங்கள் உற்பத்தியில் 50 சதவீதத்தை அனுப்பியதாகவே கணக்கு வைத்துப் பணம் கொடுத்தார்கள். உண்மையில் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அதே தொகை. அப்படியானால் உபரியை வீட்டிலேயே வெந்நீராக்கிக்கொள்வதில் ஒரு பைசா நட்டமில்லை. 3 கிலோவாட் ஹீட்டர் பொருத்திய பெரிய வெந்நீர்த் தொட்டியும் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. 2020 ஜனவரியில் வந்த புதிய ஏற்பாட்டில் உண்மையாக அனுப்பிய யூனிட்டை அளந்துதான் பணம் தருகிறார்கள். ஆகவே இப்போது அங்கேயும், நல்ல ஏற்றுமதி விலை கிடைக்கும் வீட்டில், மின்சாரத்தை விற்றுவிட்டு எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்குவதே மலிவாக இருக்கும். உங்கள் மகள் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே கொண்டுவருவதில் மின் அழுத்தம் தடையாக இருக்காது. ஆனால் டிஜிட்டல் திரையும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ள கீசர்களுக்கு இந்தப் பெட்டி வெட்டி வெட்டி அனுப்பும் மின்சாரம் ஒத்துக்கொள்ளாது. சாதாரணத் தெர்மோஸ்டாட் உள்ள கீசர்தான் வேண்டும். நம் ஊரில் மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடுகள் அதிகம். சோலார் இன்வெர்ட்டர் ஒரு பேஸிலும் கீசர் வேறொரு பேஸிலும் இருந்தால் பெட்டி தவறாகக் கணக்கிடும். மின்வாரியத்தின் முத்திரையிட்ட மீட்டர் பெட்டியை யாரும் தொடக்கூடாது. வளையத்தை வீட்டுப் பக்கக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். இத்தனையும் செய்து, நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் வெந்நீருக்காக அவ்வளவு பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பழைய பேனல்கள் இரண்டு சும்மா கிடக்கின்றன. இன்வெர்ட்டர் இல்லாமல் அவற்றை நேரடியாகக் கீசரோடு இணைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். காயிலுக்குப் பேனல் தரும் நேர்மின்சாரமும் (டிசி) வீட்டு இணைப்பில் வரும் மாறுமின்சாரமும் (ஏசி) ஒன்றுதான், அதுவரை அவர் சொல்வது சரி. ஆபத்து தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட்டின் இரண்டு உலோக முனைகள் விலகி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால், முனைகள் விலகும்போது எழும் தீப்பொறி தானாகவே அணைந்துவிடும். பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரம் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. தீப்பொறி நீண்டு நின்று எரிந்து, முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கீசரை நிறுத்த எதுவும் இருக்காது. மிகைச்சூட்டுத் தடையும் அதே வகை முனைதான், அதுவும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கொதித்து நீராவி அழுத்தம் ஏறும்போது பாதுகாப்பு வால்வு ஒன்று மட்டுமே மிஞ்சும். உப்புத் தண்ணீர் ஊரில் பல ஆண்டுகள் கவனிக்காத வால்வு அடைத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். மிகை மின்சாரம் பாய்ந்தால் தானாக விழும் சாதாரண எம்சிபி சுவிட்சும் நேர்மின்சாரத்தை நம்பிக்கையாகத் துண்டிக்காது. நேர்மின்சாரத்துக்கென்றே செய்த காயிலும் கட்டுப்பாட்டுக் கருவியும் தனியாக உண்டு. அவை இல்லாமல் வீட்டுக் கீசரில் பேனலை இணைப்பது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: வெந்நீர்தான் வேண்டும் என்றால் பேனலுக்குப் பதிலாக மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைப்பது மேல் இல்லையா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: வெந்நீர் மட்டுமே நோக்கமானால், ஆம். பேனல் தன்மீது விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். கண்ணாடிக் குழாய்கள் கொண்ட வாட்டர் ஹீட்டர் பாதி அளவுக்கு வெப்பமாகவே பிடித்துக்கொள்ளும். மாடியில் இடம் குறைவாக இருந்தால் இந்த வேறுபாடு பெரிது. உங்கள் மலையில் குழாய்த் தண்ணீர் சமவெளியைவிட மிகவும் குளிர்ந்திருப்பதால், ஒரு வாளிக்கு இரு மடங்கு வெப்பம் தேவைப்படும். மழை, பனிமூட்ட நாட்களுக்கு மின்சாரக் காயிலும் உள்ள அமைப்பாகவே வாங்குங்கள். கடினமான தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் கண்ணாடிக் குழாய்க்குள் நேரடியாகக் குடிநீரோ கிணற்று நீரோ ஓடும் வகையைத் தவிர்த்து, வெப்பமாற்றி (தண்ணீர் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) உள்ள வகையை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புப் படிந்து சில ஆண்டுகளில் சூடு குறைந்துவிடும்.

பேனலின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் தொட்டி நிரம்பச் சூடாகிவிட்டால் மிச்ச வெயிலால் பயனில்லை. வெளியூர் போனாலும் அப்படியே. பேனல் அன்றும் யூனிட் சேர்க்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஏற்கெனவே பேனல் வைத்துவிட்டவர்கள் இன்னொரு அமைப்பை மாடியில் ஏற்றுவதற்கு முன், ஹீட் பம்ப் வகைக் கீசரின் விலையை விசாரிக்கலாம். அது காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். விலை அதிகம், பெரிய கூட்டுக் குடும்பத்துக்கும் விருந்தினர் விடுதிக்கும்தான் கட்டுப்படியாகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். அதில் உபரியைச் சேமிக்க முடியுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியாது. அது தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் வகை. சேமிக்க அதில் இடமில்லை. மேலும் அது 3,000 வாட் இழுக்கும், உங்கள் வீட்டில் 3 கிலோவாட் பேனலே இருந்தாலும் அதன் தேவையை முழுமையாகத் தர முடியாது. வீட்டில் யாராவது நண்பகலில் குளிப்பவர்களாக இருந்தால் அந்த நேரத்தில் பயன்படுத்துங்கள், அது போதும்.