வாசகர் கேள்விகள்: கானாவின் எழுத்தும் அதற்கு முந்திய குரலும்

கடந்த இதழில் கானா நாட்டுக் கவிஞர் கோபி அவூனர் பற்றி அரைப்பக்கக் குறிப்பொன்றை வெளியிட்டிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நீங்கள் குறிப்பிடும் கானா எழுத்தாளர்கள் எல்லோரும் ஆங்கிலத்திலேயே எழுதியவர்கள். அதனைக் கானாவின் இலக்கிய மரபு என்று எப்படிச் சொல்வது?
– ஆசிரியர் ஒருவர், திருகோணமலை நகர்

பதில்: ‘எல்லோரும்’ என்பதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். எவே மொழியில் எஃப். கே. ஃபியாவூ எழுதிய ‘டோக்கோ அடோலியா’ என்ற நாடகம் 1937இல் அச்சேறியது. அதற்கும் முன்னர், முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே, கேப் கோஸ்ட் நகரத்துக் கோபினா செக்கி, ஆங்கிலேயரைப் போல உடுத்தவும் பேசவும் துடித்த தம் ஊர்ப் பெரிய மனிதரை எள்ளி, ஃபான்டி மொழியும் ஆங்கிலமும் புழங்கும் நாடகம் ஒன்றை எழுதியிருந்தார். அதை வாசிப்பவர்க்கு நம் ஊரின் பழைய அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் சிலரின் நினைவு வராமற் போகாது.

ஆயினும் உங்கள் ஐயம் நியாயமானதே. 1957 மார்ச் 6இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் அக்கான், எவே, கா, தக்பானி எனப் பல மொழிகள் வழங்குகின்றன. ஒன்றில் எழுதினால் மற்றதைப் பேசுவோரை எட்டாது. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் ஆங்கிலத்தின் கையில் இருந்தன. எனவே ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்த ஆங்கிலத்தைத் தம் முற்றத்தில் கதை சொல்லும் முறைக்கு வளைத்துக்கொண்டார்கள் என்பதுதான் நான் கண்டது.

அக்கான் மக்கள் கதைகளை ‘அனான்செசெம்’, அதாவது சிலந்திக் கதைகள், என்பார்கள். ஒரு காலத்தில் கதைகள் யாவும் வானத்துக் கடவுளாகிய நியாமேயின் உடைமையாய் இருந்தனவாம். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், காட்டுத் தேவதை ஆகியவற்றைப் பிடித்துத் தந்தால் விற்பேன் என்று அவர் விலை சொல்ல, அனான்சே என்னும் சிலந்தி ஒவ்வொன்றையும் தந்திரத்தால் பிடித்துக் கொடுத்துக் கதைகளை வாங்கிக்கொண்டதாம். இப்படிப்பட்ட கதைகளைத் தொடங்குபவர், தாம் சொல்லப்போவது உண்மை என்று தாம் கருதவில்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுவார். முடிக்கும்போது, கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும் கொஞ்சத்தை எடுத்துப் போங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும் என்பார். இடையிலே கேட்பவர்கள் கதையை மறித்துப் பாட்டெடுக்கலாம். அந்தப் பாட்டுக்கு ‘ம்போகுவோ’ என்று பெயர்.

நாடகாசிரியர் எஃபுவா சதர்லாந்து (1924–1996) இந்த முறையைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். எக்கும்ஃபி அட்வியா என்ற கிராமத்தில் கதைவீடு ஒன்று எழுவதற்குத் துணைநின்ற அவர், 1975இல் வெளியான ‘அனான்சேவாவின் திருமணம்’ என்ற நாடகத்தில், மகளை நான்கு தலைவர்களுக்கு ஒரே வேளையில் பேசி, நால்வரிடமும் பரிசு வாங்கிய பின், அகப்பட்டுவிடாமலிருக்க மகள் இறந்துவிட்டதாக நடிக்கவைக்கும் அனான்சேயை நிறுத்துகிறார். மொழி ஆங்கிலந்தான், ஆனால் ம்போகுவோப் பாட்டை எடுத்துவிட்டால் அந்த நாடகம் எழுந்து நிற்காது. நம் நாட்டில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்துவந்தார். இவர் வேலையையும் அவர் வேலையையும் அருகருகே வைத்து நம் மாணவர் ஒருவர் ஆராய்ந்தால் நன்று.

கேள்வி: என் அப்பம்மா செத்தவீடுகளில் ஒப்பாரி சொல்லி அழுவார். அவூனரின் கவிதையை ஒப்பாரியோடு ஒப்பிட்டிருந்தீர்கள். அது பொருந்துமா, அல்லது நமக்குத் தெரிந்ததையே எங்கும் காண்கிறோமா?
– வாசகி, மூதூர்

பதில்: உங்கள் எச்சரிக்கை தேவையானது. ஆனால் இந்த இடத்தில் ஒப்பீடு தானாகவே வந்து நிற்கிறது. ஏனெனில் அவூனரின் பாட்டியாரும் இரங்கற்பாட்டுப் பாடுபவர்.

எவே மக்களில் ஒரு பிரிவினராகிய அன்லோ மக்களிடையே வினோக்கோ அக்பாலு என்ற பெரும் இரங்கற்பாடகர் வாழ்ந்தார். அவருடைய பாடல்களின் சாயலை அவூனர் மறைக்கவில்லை. 1964இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே அது தெளிவாகத் தெரிகிறது. அவருடைய ‘துயரப் பாடல்கள்’ என்ற கவிதையில், விதி தன்னை முட்காட்டுக்குள் இழுத்துவந்து விட்டதென்று ஒரு குரல் முறையிடுகிறது. பெரிய குடியொன்று அழிந்து, உடைந்த வேலி மாத்திரம் எஞ்சி நிற்கிறது. இந்தச் சேதியை முன்னரே போய்விட்டவர்களிடம் சொல்லுங்கள் என்று இறந்தவர் வழியாகத் தூது அனுப்பப்படுகிறது. வேறொரு கவிதையில், இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் குட்சியாமி என்ற ஓடக்காரனிடம் ஒருவர், என் துணி முடிச்சில் உமக்குத் தருவதற்குக் கூலி இல்லை, ஆயினும் என்னைக் கடத்திவிடும் என்று மன்றாடுகிறார். பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்காகக் காத்திருந்த வயதானவர்கள் மடியிலிருந்து சில்லறையை அவிழ்த்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி விளக்கம் கேட்காது.

அக்கான் இரங்கற்பாக்களை இசையாய்வாளர் ஜே. எச். குவாபெனா ந்கெட்டியா 1955இல் நூலாகத் தந்தார். அவற்றைப் பாடுவோர் பெரும்பாலும் பெண்கள். இறந்தவரின் முன்னோர் பெயர், அவர் வாழ்ந்த ஊர், அவருடைய பெருமை என்று அடுக்கிச் செல்லும் அப்பாடல்களில், இந்தப் பக்கம் யாராவது வந்தால் அவர்களிடம் எனக்கு ஏதாவது கொடுத்தனுப்பு என்று இறந்தவரிடமே கேட்கும் இடமும் உண்டு. குலமும் ஊரும் இந்த அளவுக்கு அவற்றில் முதன்மை பெறுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒப்பாரியோடு நம் கையறுநிலைப் பாடல்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. வேறுபாடும் உண்டு: நம் ஒப்பாரியில் அழுபவளின் சொந்தக் குறையும் வாழ்க்கை வழக்கும் கூடுதலாகக் கலக்கும். உங்கள் அப்பம்மாவின் பாட்டில் எது மேலோங்கியிருந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நினைவிலுள்ள வரிகளை எழுதி அனுப்புங்கள்.

அவூனர் 2013 செப்டெம்பர் 21இல், இலக்கிய விழாவொன்றுக்காக நைரோபி சென்றிருந்தபோது, அங்குள்ள வெஸ்ட்கேட் வணிக வளாகத்தின் மீது நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார்.

கேள்வி: கானா எழுத்தாளர் அயி க்வெய் அர்மாவின் புகழ்பெற்ற நாவலின் தலைப்பில் எழுத்துப்பிழை இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். அச்சுப்பிழையா?
– உயர்தர மாணவர், உப்புவெளி

பதில்: அச்சுப்பிழை அன்று. 1968இல் ‘The Beautyful Ones Are Not Yet Born’ என்ற தலைப்பில் வெளிவந்த அந்த நாவலின் இறுதியில், பேருந்து ஒன்றின் பின்புறத்தில் எழுதப்பட்ட வாசகமாக அத்தலைப்பு வருகிறது. ‘அழகிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வண்டியில் எழுதியவர் தவறாக எழுதிவிட்டார், அர்மா அதை அப்படியே வைத்துக்கொண்டார். நம் வீதிகளில் ஓட்டோக்களின் முதுகில் எழுதியிருக்கும் தத்துவங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பிராது. தமிழில் பெயர்ப்பவர் ‘அளகியோர் இன்னும் பிறக்கவில்லை’ என்று ளகரம் போட்டே எழுத வேண்டும் என்பது என் கட்சி. மெய்ப்புத் திருத்துபவர் சம்மதிப்பாரோ தெரியாது.

நாவல், லஞ்சம் வாங்க மறுக்கும் ரயில்வே எழுத்தர் ஒருவரைப் பற்றியது. அவருக்குப் பெயரே கிடையாது. மலத்தை வெறுத்துக்கொண்டே அதில் நெளியும் புழுவை மாத்திரம் விரும்பித் தின்னும் ஒரு பறவையின் கதை அதில் வருகிறது. ஊழலை வெறுப்பதாகச் சொல்லி அதன் பயனை மறுக்காத குடும்பத்தவர்க்கு அதைவிடக் கூர்மையான உவமை கிடையாது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி இதனை நோயுற்ற நூல் என்று கண்டித்தார். எனக்கு அந்தத் தீர்ப்பு கடுமையாகவே படுகிறது. 1966இல் கானாவின் முதல் ஜனாதிபதி குவாமே நிக்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்த நாளைக் கண்ட தலைமுறைக்கு, அருவருப்பைத் தவிர வேறெந்த மொழி மிஞ்சியிருந்தது?

கேள்வி: அங்கே முரசு பேசும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: உண்மை. அக்கான் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றும். ‘அட்டும்பன்’ என்பது உயர்ந்த ஒலி ஒன்றும் தாழ்ந்த ஒலி ஒன்றுமான இரட்டை முரசு. அந்த ஏற்ற இறக்கத்தை அது அப்படியே ஒலிக்கிறது. ஒரே ஏற்ற இறக்கமுள்ள சொற்கள் பல இருக்குமாதலால், மயக்கம் நேராதபடி ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக நீண்ட அடைமொழித் தொடரை வாசிப்பார்கள். அடைமொழி அடுக்குவது அங்கே முதலில் அலங்காரமன்று, தேவை.

கேள்வி: எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்? ஆங்கிலம் ஓரளவே வாசிப்பேன்.
– இல்லத்தரசி, நிலாவெளி

பதில்: கானாவின் பெண் எழுத்தாளர் அமா அட்டா ஐடூவிலிருந்து தொடங்குங்கள். 1970இல் வெளிவந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பின் ஆங்கிலம் எளியது. பல கதைகள் ஏறக்குறைய உரையாடலாகவே செல்வதால், சத்தமாக வாசித்தால் பாதி விளங்கிவிடும். வாசகருக்கு மட்டுமன்றிக் கேட்பவருக்காகவும் எழுதலாம் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. பின்னர் ‘அனோவா’ நாடகத்துக்குச் செல்லலாம்: பெற்றோர் சொன்ன மாப்பிள்ளைகளையெல்லாம் மறுத்துத் தானே ஒருவனைத் தேர்ந்துகொள்ளும் பெண்ணின் பழங்கதையை எடுத்து, அந்தக் கணவன் அடிமைகளை வாங்கிச் செல்வம் சேர்க்கும்போது அவள் உடன்பட மறுப்பதாக ஐடூ மாற்றினார். பழங்கதையில் பிடிவாதத்துக்குத் தண்டனை பெற்றவள், இவர் கையில் அந்த வீட்டிலே மனச்சாட்சியுள்ள ஒரே ஆளாகிவிடுகிறாள். 1982இல் கானாவின் கல்வி அமைச்சராகி, விரைவிலேயே பதவியைத் துறந்த ஐடூ, 2023 மே 31இல் காலமானார்.

அர்மாவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சாப்பாட்டு வேளைக்கு முன் வாசிக்கக் கூடிய நூல் அன்று அது.