பரிசுத்தம் என்றால் சினிமாவை விடுவது மட்டும்தானா?

"யாங்கோனில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். குடி இல்லை, சினிமா இல்லை, ஞாயிறு ஆராதனையும் தவறுவதில்லை. இதுதானே பரிசுத்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைபிளில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். 2-ஆம் வசனத்தில் "பரிசுத்தராயிருங்கள்" என்று கட்டளை. ஓய்வுநாளும் அதில் உண்டு, சரி. அப்புறம்? கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நிய தேசத்தானுக்கும்) விடு. செவிடனைத் திட்டாதே. 35, 36-ஆம் வசனங்கள் தராசையும் படிக்கல்லையும் பற்றியவை. தினமும் வீசைக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும்! குடிக்காமல் இருப்பது நல்லதுதான், வீட்டிலும் நிம்மதி. ஆனால் இயேசுவின் சீடரான பேதுரு தன் முதல் நிருபத்தில் (1:15) இதே கட்டளையை எடுத்து, "நடக்கைகளெல்லாவற்றிலேயும்" என்று எழுதுகிறார். கடைக் கல்லாவும் அதில் அடக்கம்.