படையும் வேணும், மாயமும் வேணும்!

கேள்வி: ஃபேன்டஸி நாவல்ல எனக்கு பிடிச்சதே படை கிளம்பற இடந்தான். ஆனா ‘மிலிட்டரி ஃபேன்டஸி’ன்னு தேடினா அட்டையில வாள் இருக்கற எல்லாமே வந்து நிக்குது. நாலு வாங்கி ஏமாந்தாச்சு. நிஜமாவே அந்த ரகம்தான்னு எப்படி கண்டுபிடிக்கறது, எதுல ஆரம்பிக்கறது?

பதில்: சண்டை இருந்தா மட்டும் அது இந்த ரகம் ஆயிடாதுங்க. கடைசி 50 பக்கத்துல பெரிய யுத்தம் வர்ற நாவல் எக்கச்சக்கமா இருக்கு, அதெல்லாம் ராஜகுமாரன் கதை, படை சும்மா பின்னாடி நிக்கும். நான் வச்சிருக்கற டெஸ்ட் ரொம்ப சிம்பிள். சாம்பிள் பக்கங்களைப் புரட்டுங்க, யாராவது சம்பளம் வரலைன்னு புலம்பறாங்களா, தானிய வண்டி ஏன் இன்னும் வரலைன்னு கத்தறாங்களா, மேல இருக்கறவனுக்கு ஒரு எழவும் தெரியலைன்னு திட்டறாங்களா? அப்படின்னா வாங்கலாம். தீர்க்கதரிசனம், மச்சம், தொலைஞ்சுபோன வாரிசுன்னு ஆரம்பிச்சா வச்சிடுங்க. நல்ல மிலிட்டரி ஃபேன்டஸில ஹீரோ ஒரு ஆள் இல்ல, ஒரு படைப்பிரிவு.

ஆரம்பிக்க க்ளென் குக் எழுதின ‘தி பிளாக் கம்பெனி’. 1984ல வந்தது, இன்னிக்கும் அதுக்கு ஈடு கம்மி. காசுக்கு சண்டை போடற கூலிப்படை, கதை சொல்றவன் அந்தப் படையோட டாக்டர், படையோட வரலாற்றை எழுதி வைக்கறதும் அவன்தான். இவங்க வேலைக்கு சேர்ற இடமோ மத்த நாவல்ல வில்லன் சைடு! நல்லது கெட்டதுன்னு லெக்சர் கிடையாது, கூட நிக்கறவன் சாகக்கூடாது, அவ்ளோதான் அவங்க தர்மம். குக் அமெரிக்க கடற்படையில இருந்தவர், அதான் அந்த சீட்டாட்டமும் வெட்டிப்பேச்சும் அவ்ளோ இயல்பா வருது. வாக்கியமெல்லாம் துண்டு துண்டா இருக்கும், முதல்ல கொஞ்சம் முரண்டு பிடிக்கும், விடாதீங்க.

பயிற்சி, அணிவகுப்பு, கேம்ப் வாழ்க்கை இதெல்லாம் நிதானமா வேணும்னா எலிசபெத் மூனோட ‘ஷீப்ஃபார்மர்ஸ் டாட்டர்’, 1988. கல்யாணம் வேண்டாம்னு வீட்டை விட்டு ஓடற பொண்ணு கூலிப்படையில சாதா சிப்பாயா சேர்றா. மூனும் அமெரிக்க மரீன் படையில இருந்தவங்கதான். ரொம்ப நேரத்துக்கு பெரிய மாயம் எதுவும் நடக்காது, எனக்கு அதுதான் பிடிச்சுது, உங்களுக்கு போரடிக்கலாம்.

ஒரே ஒரு யுத்தம், முழு புத்தகமும் அதுதான்னா ஜோ அபர்க்ராம்பியோட ‘தி ஹீரோஸ்’. ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குன்று, மூணு நாள். அதுல ஒரு அத்தியாயம் இருக்கு, ஒருத்தன் கண்ணு வழியா பாத்துட்டிருப்போம், அவன் செத்த உடனே கதை அவனைக் கொன்னவன்கிட்ட தாவும், அப்புறம் அவனைக் கொன்னவன்கிட்ட, இப்படியே போகும்... புத்தகத்தை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பீங்க. முற்றுகை வேணுமா, கே.ஜே. பார்க்கரோட ‘சிக்ஸ்டீன் வேஸ் டு டிஃபெண்ட் எ வால்ட் சிட்டி’ (2019). ஊரைக் காப்பாத்த வர்றவன் வீரன் இல்ல, பாலம் கட்டற இன்ஜினியர், அதுவும் பொய் சொல்றதுல கில்லாடி. மாயமே கிடையாது, கற்பனை ஊர் மட்டுந்தான், ஆனா சிரிச்சுகிட்டே படிக்கலாம். துப்பாக்கி, பீரங்கி காலம் பிடிக்கும்னா ஜாங்கோ வெக்ஸ்லரோட ‘தி தௌசண்ட் நேம்ஸ்’.

கேள்வி: எல்லாரும் சொல்றாங்களேன்னு மலாஸன் வரிசையில முதல் புத்தகம் எடுத்தேன். 100 பக்கம் தாண்டியும் யார் எந்தக் கட்சின்னே புரியல. விட்டுடலாமா?

பதில்: உங்க மேல தப்பில்ல. 1999ல வந்த ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ நடுக்கடல்ல தள்ளிவிடற மாதிரிதான் ஆரம்பிக்கும், ஸ்டீவன் எரிக்சன் எதையும் விளக்கமாட்டார். அவர் தொல்லியல், மானுடவியல் படிச்சவர், இந்த உலகமே அவரும் நண்பர் எஸ்லெமான்ட்டும் ஆளுக்கொரு பாத்திரமா மாறி விளையாடின ரோல்பிளே கேம்ல இருந்து வளர்ந்தது, அவங்களுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது. பெயரெல்லாம் ஞாபகம் வச்சுக்க முயற்சியே பண்ணாதீங்க. பிரிட்ஜ்பர்னர்ஸ்னு ஒரு படைப்பிரிவு வரும், அவங்களை மட்டும் பிடிச்சுகிட்டு போங்க.

நான் இதை சிபாரிசு பண்றதே ரெண்டாவது புத்தகத்துக்காகத்தான், ‘டெட்ஹவுஸ் கேட்ஸ்’. கோல்டெய்ன்னு ஒரு தளபதி, ஆயிரக்கணக்குல அகதிகளைக் கூட்டிகிட்டு, கலகம் வெடிச்ச நாட்டைக் குறுக்கால கடந்து போகணும். தண்ணி இல்ல, தீனி இல்ல, ஒவ்வொரு ஆத்தைத் தாண்டறதும் ஒரு போர், காப்பாத்தப்படற பிரபுக்களே குடைச்சல் குடுக்கறாங்க. படை நடத்தறதுன்னா என்னன்னு இதைவிட நல்லா காட்டின ஃபேன்டஸி நான் படிச்சதில்ல. அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா தாராளமா நிறுத்திடுங்க, மொத்தம் 10 தடி புத்தகம், கடன்பட்ட மாதிரி படிக்க வேண்டியதில்ல.

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு, போர் கதைன்னா உயிர். ‘தி பாப்பி வார்’ வாங்கித் தரலாமா?

பதில்: இப்ப வேண்டாம்மா. அனாதைப் பொண்ணு பரீட்சை எழுதி பெரிய ராணுவப் பள்ளியில சேர்றான்னு ஆரம்பத்தைப் பாத்து சின்னவங்க புத்தகம்னு நிறைய பேர் நினைச்சுடறாங்க. ஆர்.எஃப். குவாங் 1937ல சீனாவோட நான்ஜிங் நகரத்துல ஜப்பான் படை நடத்தின படுகொலையை மனசுல வச்சு எழுதின பகுதி உள்ள இருக்கு, பெரியவங்களுக்கே தாங்காது. நயோமி நோவிக்கோட ‘டெமரேர்’ குடுங்க. நெப்போலியன் காலத்துப் போர், ஆனா ரெண்டு பக்கமும் டிராகன் படை. டிராகன் முதுகுல கப்பல் மாதிரி கேப்டன், சிப்பந்திகள்னு ஒரு கூட்டமே ஏறிப் போகும். ஒம்பது புத்தகம், 2016லயே முடிஞ்சிடுச்சு, அடுத்தது எப்போன்னு உங்களைப் பிடுங்க மாட்டா.

கேள்வி: தமிழ்ல இந்த மாதிரி எதுவும் கிடையாதா சார்?

பதில்: இந்த லேபிள் ஒட்டின நாவல் கம்மிதான். ஆனா ‘கலிங்கத்துப்பரணி’யை ஒரு தடவை இந்தக் கண்ணோட பாருங்களேன்! பசியில காஞ்சு கிடக்கற பேய்கள் எப்படா போர் வரும்னு காத்திருக்கு, கருணாகரத் தொண்டைமான் படை கலிங்கத்தை அடிச்சு முடிச்சதும் அதே களத்துல கூழ் காய்ச்சிக் குடிக்குது. உரையோட இருக்கற பதிப்பா வாங்குங்க. நாவலாவே வேணும்னா ஜெயமோகனோட ‘வெண்முரசு’ 26 நாவல்ல போர் பகுதிகளை மட்டும் எடுத்துக்கலாம், பீஷ்மர் தலைமையில நடக்கற சண்டை ‘திசைதேர் வெள்ளம்’ல வருது. ஆன்லைன்ல இலவசமாவே இருக்கு, ஒரு அத்தியாயம் படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.