மைக் யார் கையில்? ஹேமெஸ் கொள்கைகள் பற்றிக் கேள்வி பதில்

கே: ஹேமெஸ் கொள்கைகள் என்று அடிக்கடி காதில் விழுகிறது. என்ன அது?

ப: 1996 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹேமெஸ் என்ற ஊரில் சுமார் 40 பேர் கூடினார்கள். பேச வந்த விஷயம் உலகமயமும் வர்த்தகமும். வந்தவர்கள் வெவ்வேறு இனம், வெவ்வேறு அரசியல். அதனால் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று ஆறு விஷயங்களை எழுதிக்கொண்டார்கள். எல்லோரையும் சேர்ப்பது, கீழிருந்து கட்டுவது, பாதிக்கப்பட்டவரே பேசுவது, ஒருவருக்கொருவர் துணை நிற்பது, நமக்குள்ளும் நியாயமாக நடப்பது, நம்மையே மாற்றிக்கொள்வது. சுவரில் ஒட்ட அழகாக இருக்கும். அதனாலேயே நிறையப் பேர் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

கே: 17 கொள்கைகள் என்று படித்தேனே?

ப: அது வேறு. சுற்றுச்சூழல் நீதிக் கொள்கைகள் என்று பெயர், 1991 அக்டோபரில் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் உள்ளிட்ட வெள்ளையரல்லாத மக்கள் நடத்திய மாநாட்டில் ஏற்றது.

கே: எங்கள் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை. என்ன செய்வது?

ப: எத்தனை மணிக்குக் கூட்டம்? வேலை நாளில் காலை 11 மணி என்றால் கூலிக்குப் போகிறவர் வர மாட்டார். கைக்குழந்தை இருப்பவர் வர மாட்டார். அப்புறம், பேச வேண்டியதை யார் முடிவு செய்தார்கள்? நாலு பேர் முன்பே தீர்மானம் எழுதி வைத்துவிட்டு, கை தூக்க மட்டும் கூப்பிட்டால் ஒரு தடவை வருவார்கள். மறு தடவை வர மாட்டார்கள்.

கே: எல்லோரையும் கேட்டால் வேலை இழுக்கிறதே?

ப: இழுக்கும். மற்ற இலக்குகள் தள்ளிப்போகலாம் என்று முதல் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். தெரிந்துதான் ஒப்புக்கொண்டார்கள்.

கே: பாதிக்கப்பட்டவரே பேசட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நச்சுக்கழிவு விவகாரத்தில் வேதியியல் தெரியாதவரைப் பேசவிட்டால் எதிர்த்தரப்பு இரண்டே கேள்வியில் மடக்கிவிடும்.

ப: வட கரோலினாவின் வாரன் கவுன்டியைப் பாருங்கள். பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொட்ட அரசு தேர்ந்தெடுத்த இடம் அது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழைப் பகுதி. நிலத்தடி நீர் மிக மேலே இருந்தது, நச்சு அதில் கலந்துவிடும் என்ற பயம். 1982இல் லாரிகள் வந்தபோது ஜனங்கள் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைது. நிபுணர் யாரும் அவர்கள் வாய்க்குப் பூட்டுப் போடவில்லை.

கே (அதே நண்பர்): ஆனாலும் மண்ணைக் கொட்டத்தானே செய்தார்கள்? தோற்ற கதையைச் சொல்கிறீர்கள்.

ப: கொட்டினார்கள், மறுக்கவில்லை. அதன் பிறகுதான் நச்சுக்கழிவு யார் வீட்டருகே போகிறது என்று நாடு முழுக்க எண்ணிப் பார்த்தார்கள். 1987இல் ஒரு தேவாலய அமைப்பின் அறிக்கை வந்தது. வருமானத்தைவிட இனம்தான் அதைத் தீர்மானிக்கிறது என்றது. நிபுணர் வேண்டும் தோழர், பக்கத்தில் உட்காரட்டும். ஊர்க்காரர் கேட்டால் கணக்கை எடுத்துக் கொடுக்கட்டும்.

கே (இன்னொருவர்): நீங்கள் சொல்வது சரி, ஆனால் பேச முன்வருபவர் எப்போதும் ஊர்ப் பெரியவர்தான். பெண்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள். அவர் எப்படி மக்களின் குரல் ஆவார்?

ப: இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. ஊர்க்காரர் பேசினாலே போதும் என்பது பாதிக் கிணறு தாண்டுவதுதான். ஐந்தாவது கொள்கை இதற்காகவே இருக்கிறது. யார் முடிவெடுப்பது, பணம் எப்படிப் பிரிவது, யார் யாருக்குப் பதில் சொல்வது எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும். மைக்கை முதலில் பின்வரிசைக்கு அனுப்பிப் பாருங்கள். பெரியவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பாதிக்கப்பட்டவர் கண்ணில் படாத அறிக்கை பத்திரிகைக்குப் போகக் கூடாது.

கே: நன்கொடை வாங்கலாமா?

ப: வாங்கலாம். கொடுப்பவர் அறிக்கையைத் திருத்தக் கூடாது. முன்பே சொன்னேன், அறிக்கை ஊர்க்காரருடையது.

கே: சங்கம் பதிவு செய்ய என்னென்ன ஆவணம் வேண்டும்?

ப: வக்கீலிடம் கேளுங்கள்.

கே: கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஏதாவது டிப்ஸ்?

ப: மேலே மூன்றாவது பதில். மணியை மாற்றிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.